காற்று திருப்பிய பக்கம்

மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. மழை வரப்போகிறதென்று போனில் ஊரே கத்திக்கொண்டிருந்தது. கீழே இறங்கு என்று சொல்லவேண்டிய சூப்பர்வைசர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. காற்றும் மழையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. ஓசூர் ரோட்டுப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த மாடிகளுக்கெல்லாம் மேலே, கிரேன் கேபினில் அய்யாவு தனியாக மாட்டிக்கொண்டார்.

அவருக்குத் தன்னைப் பற்றிக்கூடக் கவலையில்லை. கவலையெல்லாம் கீழே படுத்திருந்த மச்சான் ரவிக்குமாரைப் பற்றித்தான். மனைவி மகாவின் ஒரே தம்பி. கம்பி கட்டுற வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவர்தான். காலையில் அவனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. "வீட்டுக்குப் போறேன் மாமா" என்றான். "நீலசந்திரா வரைக்கும் பஸ்ல நின்னுக்கிட்டா போவ? ஷெட்ல படு, சாயந்திரம் சேந்தே போலாம்" என்று படுக்க வைத்தார். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் போட்ட தகர ஷெட். இந்தக் காற்றுக்கு அதெல்லாம் தாங்குமா?

காற்று மிஞ்சினால் கிரேனைப் பிடித்து வைக்கக்கூடாது. பிரேக்கை விட்டுவிட்டால் காற்று போகிற பக்கம் அதுவே திரும்பிக்கொள்ளும், பிடித்தால் சாய்த்துவிடும். அய்யாவு விட்டுவிட்டார். கேபின் அவரையும் சேர்த்துச் சுழன்று, ஷெட்டுக்கு முதுகைக் காட்டி நின்றது. பின்பக்கம் முழுக்க இரும்புத் தகடு, ஒன்றும் தெரியாது. ரவிக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. காய்ச்சலில் அசந்து தூங்குகிறான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். வேறு என்னதான் செய்வார், சொல்லுங்கள்!

மழை பட்டென்று நின்றது. மேற்கே மேகம் விலகி வெயில் உள்ளே நுழைந்தது. அடேயப்பா! தூசியெல்லாம் கழுவிப்போய், கண்ணாடிக் கட்டடங்கள் துலக்கிக் கவிழ்த்த செம்புப் பாத்திரங்களாக வானத்தின் ஓரம்வரை மின்னின. தண்ணீர் தேங்கிய ரோடுகூடப் பொன்னாகக் கிடந்தது. இந்த ஊரைக் கல்லும் கம்பியுமாகத் தூக்கித் தூக்கி அடுக்கியவர் அவர். ஒருநாளும் அழகென்று தோன்றியதில்லை, எரிச்சல்தான் வரும். பாழாய்ப்போன ஊருக்குள் இது எங்கே ஒளிந்திருந்தது? அவ்வளவு சந்தோஷம். வீடியோ எடுத்து மகாவுக்கு அனுப்பினார்.

அப்புறம்தான் வாக்கி டாக்கி கரகரத்தது. சூப்பர்வைசர் தேஜஸ், கன்னடக்காரப் பையன். "அண்ணா, பேகா, சீக்கிரம் இறங்குங்க. காம்பவுண்டு... ஷெட் மேல..."

அய்யாவு ஏணியில் இறங்கினார் என்று சொல்ல முடியாது, விழுந்து விழுந்து வந்தார். பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது. ஷெட் இருந்த இடத்தில் கல் குவியல். ஆட்கள் தகரத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தரையில் கால் வைப்பதற்குள் ரவியை வெளியே எடுத்துவிட்டார்கள். மூச்சு இல்லை.

"வீட்டுக்குப் போறேன்னானே, நான்தானேடா படுன்னு சொன்னேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை.

மகாவுக்குச் சொல்லியாக வேண்டும். போனை எடுத்தார். கண்ணில் பட்டது அந்த வீடியோதான். அவன் கல்லுக்கடியில் கிடந்த நேரத்தில் தான் வானத்தைப் பார்த்துப் பூரித்துப்போனது அப்படியே அதில் இருந்தது. சீ என்று வந்தது. அவள் போனிலும் இல்லாதபடி அதை அழித்தார்.

உடனே மகாவின் செய்தி வந்தது.

"ஏங்க அழிச்சிட்டீங்க? தம்பி வந்ததும் மூணு பேரும் சேந்து பாக்கலாம்னு வச்சிருந்தேன்."