இருபத்து மூன்று பேருக்கு ஒரே இதயம்

பதினொரு வருடமாக அலெக்சாந்திரியாவில் இருபத்து மூன்று பேருடைய இதயங்களுக்கு நான்தான் பொறுப்பு. நான் பல் டாக்டர்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. எந்த நீண்ட ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாலும், நடத்துகிறவர்கள் மருத்துவச் சான்றிதழும் ஈசிஜியும் கேட்பார்கள். படிவத்தில் ‘டாக்டர் பெயர், கையெழுத்து, முத்திரை’ என்று இருக்கும். எந்த உறுப்புக்கு டாக்டர் என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் ‘கடற்கரைச் சிங்கங்கள்’ ஓட்டக் குழுவில் மரியாதைக்கு டாக்டர் என்று அழைக்கப்படுகிறவர்கள் ஏழு பேர். கையில் முத்திரை உள்ளவன் நான் ஒருவன்.

ஆகவே ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஓட்டம் முடிந்து, க்ளீம் காபிக்கடையில் அவித்த மொச்சையும் ரொட்டியும் தின்றுவிட்டு, தட்டை ஒதுக்கி முத்திரையை எடுப்பேன். டக். ‘ஓடத் தகுதியுள்ளவர்.’ டக். வயிறு மேசையில் முட்டிக்கொண்டிருந்த பருத்தி வியாபாரிக்கும் அதேதான். சிகரெட்டை அணைக்காமலே தாளை நீட்டிய சுங்க அதிகாரிக்கும் அதேதான்.

ஈசிஜியின் கதை இன்னும் மேல். முதல் வருடம் ஒரே ஒருவர்தான் அதை ஒழுங்காக எடுத்து வந்தார், டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்த லுத்ஃபி. நிமிடத்துக்கு நாற்பத்தாறு துடிப்பு. பள்ளிக்கூடப் பிள்ளை கோடு போட்டுப் பழகிய நோட்டு மாதிரி அத்தனை சீரான அலைகள். குழுத் தலைவர் பொறியாளர் அஷ்மாவி அந்தத் தாளை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்கய்யா! சிங்கத்தோட நெஞ்சுன்னா இதுதான்!"

பிறகு பக்கத்துக் கடையில் பெயரும் தேதியும் இருந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்து இருபத்து மூன்று நகல் எடுத்து வந்தார். அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் லுத்ஃபியின் இதயத்தை வைத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தோம். தெற்கே ஒரு மராத்தானில் கழுதை வண்டிக்குப் பின்னால் மூச்சுத் திணறி வந்த அஷ்மாவியின் மார்பிலும், காகிதப்படி, அது நாற்பத்தாறுதான் அடித்தது.

லுத்ஃபிக்கு இதில் பெருமை. "என் நெஞ்சு எத்தனை ஊர் பாத்திருக்கு தெரியுமா டாக்டரே? நான்தான் பாக்கல" என்பார்.

என்னைவிட எட்டு வயது மூத்தவர்; மரியாதையாக ‘உஸ்தா’ என்றுதான் அழைப்பேன். டிராமைவிட வேகமாக ஓடுகிறவர் என்று குழுவில் அவரை அறிமுகப்படுத்துவார்கள். எங்கள் ஊர் டிராமை முந்துவதற்கு வயிறு சரியில்லாத வாத்து போதும் என்பதால், அவர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டதில்லை. உண்மையில் மெதுவாகத்தான் ஓடுவார். மெதுவாக, நிறுத்தாமல், ஸ்டான்லி பாலத்திலிருந்து முன்தஸா தோட்டம் வரை, கடலைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. சீவா பாலைவனத்தில் டிசம்பரில் நூறு கிலோமீட்டர் ஓட்டம் நடக்கும். காலை ஐந்துக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்குள் முடிக்க வேண்டும். முடித்தவர்களின் பெயரைக் கடைசி ஆள்வரை வரிசையாகப் பலகையில் ஒட்டுவார்கள்.

"முப்பத்தோரு வருசமா அடுத்தவன் டிக்கெட்டைப் பாத்துப் பேர் எழுதிட்டேன். ஒரு லிஸ்ட்ல என் பேர் வரணும். சம்பள லிஸ்ட் இல்ல. வேற லிஸ்ட்" என்று ஒருமுறை சொன்னார்.

முதல் தடவை உள்ளங்கால் தோல் உரிந்து பாதியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது தடவை நூறு கிலோமீட்டரையும் ஓடினார். ஒன்பது நிமிடம் தாமதம். அவர் வந்து சேர்ந்தபோது முடிவுக்கோட்டில் காற்று ஊதி நிறுத்தியிருந்த பெரிய வளைவு, காற்று போய், செத்த ஒட்டகம் மாதிரி மணலில் கிடந்தது. இரண்டு பேர் அதை மடித்துக்கொண்டிருந்தார்கள். முப்பதாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துவிட்டதாகச் சொல்லி வண்டியில் வந்து, குளித்து, சட்டை மாற்றியிருந்த அஷ்மாவி, அவரை அணைத்துக்கொண்டு மனித மனத்தின் எல்லையின்மை பற்றிப் பேச ஆரம்பித்தார்.

லுத்ஃபி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, மடிக்கிறவர்களிடம் கேட்டார்: "தம்பிகளா, அதைக் கொஞ்சம் ஊத முடியுமா? ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கிறேன்."

"மோட்டாரை வண்டில ஏத்திட்டோம் ஹாஜி."

"சரி, சரி. வேலையப் பாருங்க."

பேருந்தில் எட்டு மணி நேரப் பயணம். நான் ஆறுதலாக, ஒன்பது நிமிடம் என்பது ஒன்றுமே இல்லை என்றேன். "ஒன்பது நிமிசம்னா ஒன்பது நிமிசந்தான் டாக்டரே. அடுத்த ஸ்டேசன்ல எறங்கிடுவேன்னு சொன்னவனுக்கெல்லாம் அபராதம் போட்டவன் நான்" என்றார். அடுத்த டிசம்பரைப் பற்றி அங்கேயே பேசத் தொடங்கினார். அறுபதாகப் போகிறது, இனி ஒரு தடவைதான் உடம்பு தாங்கும் என்றார்.

அந்த அடுத்த வருடம் செப்டம்பரில்தான் கவனித்தேன். சீதி பிஷ்ர் பக்கம் ஓடும்போது குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். ஒரு கிலோமீட்டர் போய் மறுபடி கட்டினார். மூன்றாவது தடவை குனிந்தபோது நானும் குனிந்தேன். கயிறு அவிழவே இல்லை. ஒரு கை கயிற்றில் இருந்தது, மற்றது நெஞ்சில்.

"எத்தனை நாளா?"

"வாயு. நேத்து ராத்திரி முட்டைக்கோஸ்."

"உஸ்தா, நான் பல் டாக்டர்தான். முட்டாள் இல்ல."

"ரெண்டும் ஒண்ணு இல்லேன்னு யார் சொன்னது?" என்று சிரித்தார். உதடு வெளுத்திருந்தது.

என் மாமனாரைப் பார்க்கும் இதய மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். புதிதாக எடுத்த ஈசிஜி மேசையில் நீண்டது. பதினொரு வருடம் நான் பார்க்காமலே முத்திரை குத்திய அந்த அலைகளில் ஒன்றுகூட அதில் இல்லை. படங்களும் எடுத்தார்கள். மூன்று ரத்தக்குழாய்கள் அடைத்திருந்தன. அறுவை சிகிச்சைக்குப் பிப்ரவரியில்தான் இடம் இருந்தது.

"நடக்கலாம். மெதுவா. ஓடக் கூடாது" என்றார் மருத்துவர்.

"நான் ஓடுறதே நடக்கிற மாதிரிதான் இருக்கும். இவரைக் கேளுங்க" என்றார் லுத்ஃபி.

மருத்துவர் சிரிக்கவில்லை.

அக்டோபரில் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மொச்சை, ரொட்டி, முத்திரை. எல்லோரும் கலைந்த பிறகு லுத்ஃபி எதிரே உட்கார்ந்து ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். சான்றிதழ்ப் படிவம். அடியில் பழைய ஈசிஜி. எங்கள் எல்லோருடைய ஈசிஜி.

"போடு."

"உஸ்தா, வேணாம்."

"இது என்னோடதுதானே? பொய்யா? மத்த இருபத்து மூணு பேரும் காட்டுறதுதான் பொய். நான் ஒருத்தன்தான் என் சொந்த நெஞ்சைக் காட்டுறேன்."

"பதினொரு வருசத்துக்கு முந்தின நெஞ்சு."

"தேதியை மறைச்சுதானே எல்லாருக்கும் போட்ட?"

கடைக்காரர் தேநீர்க் குவளைகளை எடுத்துப் போகும்வரை லுத்ஃபி காத்திருந்தார். நேரத்தில் ஒன்பது நிமிடத்தை மன்னிக்காத மனிதருக்குக் காகிதத்தில் பதினொரு வருடம் பெரிதாகப் படவில்லை. எங்கள் ஊரில் அப்படித்தான். காகிதம் அரசாங்கத்துக்கு, உண்மை வீட்டுக்கு.

"ஊரே என் நெஞ்சை எரவல் வாங்கி ஓடுச்சு. நான் ஒரு வார்த்தை சொன்னேனா? எனக்கு ஒரு நாளைக்கு அதைத் திருப்பிக் குடுன்னு கேக்குறேன். ஒரே நாள்."

"அங்க செத்துப்போயிடுவீங்க."

"போனா போறேன். உன் வீட்டுச் சோத்துலயா கை வைக்கிறேன்?"

"என் கையெழுத்துல சாவீங்க."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. லுத்ஃபி என்னைப் பார்த்தார், டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்ட பணக்காரப் பயணியைப் பார்ப்பதுபோல.

"ஓ, அதுதானா விசயம்" என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அதுதான் விஷயம். அவருடைய உயிருக்காக நான் மறுத்தேன் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள், நானும் தலையாட்டிக்கொண்டேன். அவர் உயிரும் அதில் இருந்தது. ஆனால் முதலில் என் கண்ணில் பட்டது மணலில் கிடக்கும் ஒரு உடம்பும், அதன் பையில் என் முத்திரை உள்ள ஒரு தாளும். வேறு யாரும் கையெழுத்திட்டுவிடக் கூடாது என்று அன்றைக்கே அஷ்மாவியிடமும் சொல்லிவிட்டேன். அவர் அதைத் தன் பாணியில் கையாண்டார். குழுவின் வாட்ஸ்அப்பில், ‘நம் மூத்த சிங்கம் லுத்ஃபி உடல்நலக் காரணங்களால் இனி கௌரவ ஆயுள் உறுப்பினர். சீவாவில் எழுபதாவது கிலோமீட்டரில் வாழைப்பழ மேசைக்கு அவரே தளபதி’ என்று அறிவித்து மூன்று சிங்கப் படங்களும் போட்டார். இருபது கைதட்டல்கள் வந்தன. லுத்ஃபி குழுவிலிருந்து வெளியேறினார்.

டிசம்பரில் நான் போனேன். ஓடினேன். பதினைந்து மணி இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தேன். வளைவு நின்றுகொண்டிருந்தது. பலகையில் என் பெயர் நாற்பத்தொன்றாவது. ஒரு பல் டாக்டருக்கு இது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

ஊர் திரும்பி பாகோஸில் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி ஸுஹைர் கதவைப் பாதி திறந்து, தூங்குகிறார் என்றாள். உள்ளே தொலைக்காட்சியின் ஒலி குறைக்கப்பட்டது கேட்டது. மறு வாரமும் தூங்கினார். அதற்கடுத்த வாரம் போனில் கூப்பிட்டேன், மணி அடித்து ஓய்ந்தது.

ஜனவரி நடுவில், ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கப் போகும் வழியில், டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். நடத்துநருக்கு அவரைத் தெரியும், அவரிடம் வேலை பழகியவர்தான். பெரியவர் அசந்து தூங்குகிறார் என்று எழுப்பாமல் விட்டார். விக்டோரியா வரை போய், திரும்பி ரம்ல் நிலையம் வந்து, மறுபடி பாதி தூரம் போன பிறகுதான் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

துக்க மண்டபத்தில் நாற்காலி வரிசைகள், கசப்புக் காபி, ஓதுகிறவரின் குரல். "அவரோட மிச்சம் உங்க ஆயுசுல சேரட்டும்" என்று வந்தவர்கள் எல்லோரும் எல்லோரிடமும் சொன்னார்கள். கடற்கரைச் சிங்கங்கள் ஒரே நிறச் சட்டையில் வந்திருந்தோம். அஷ்மாவி வாசலிலேயே, "ஓட்டக்காரனுக்கு முடிவுக்கோடு கிடையாது" என்று தொடங்கினார். "உக்காருங்க கேப்டன்" என்று சுங்க அதிகாரி அவர் கையைப் பிடித்து இழுத்தார். இருபத்து மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் ஸுஹைர் ஆள் அனுப்பினாள். கதவு திறந்தே இருந்தது. மகள் வாசலில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவப் போனாள். ஸுஹைர் கறுப்பு உடையில், சோபாவின் ஒரு ஓரத்தில், இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க செஞ்சது சரிதான்னு எல்லாரும் சொல்றாங்க டாக்டர். நானும் சொல்றேன். நாப்பது நாள் கூடுதலா இருந்தாரு."

"மதாம், நான்…"

"பேசாத நாப்பது நாளு. இருக்கட்டும். அதுவும் நாள்தானே." கைக்குட்டையை மடித்தாள். "உங்களை எதுக்குக் கூப்பிட்டேன்னா, ஒண்ணு சொல்லணும். வேற யாருக்கும் புரியாது. அந்த ஓட்டத்தன்னைக்கு இவரு விடியறதுக்கு முன்னாடி எழுந்து, ஓடுற சட்டை, ஷூ எல்லாம் மாட்டிக்கிட்டாரு. எனக்கு உயிரே போச்சு. வாசலுக்குப் போவாருன்னு பாத்தா, இங்க வந்து உக்காந்தாரு. அஞ்சு மணிக்கு வாட்ச்சை அழுத்தினாரு."

பாத்திரச் சத்தம் நின்றது.

"நாள் பூரா இங்கதான். ஒம்பது மணிக்கு ரெண்டு பேரீச்சம்பழம். மத்தியானம் உப்புப் போட்ட உருளைக்கிழங்கு. என்ன கிறுக்கு இதுன்னு கேட்டா, ‘பேச்சுக் குடுக்காத, ஏத்தம்’னாரு. முழங்காலைத் தேச்சுக்கிட்டாரு. நான் முதல்ல சிரிச்சேன். அப்புறம் பயமா இருந்துச்சு. அப்புறம், அல்லா மன்னிக்கட்டும், நானும் பக்கத்துல உக்காந்து தண்ணி குடுக்க ஆரம்பிச்சுட்டேன்."

"முடிச்சாரா?" என்றேன்.

"இல்லையே. அதைத்தான் உங்ககிட்ட கேக்கணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாட்ச்சைப் பாத்தாரு. ‘எழுபத்தாறு வந்திருக்கணும், எழுபத்தி மூணுதான் வந்திருக்கேன், என்னை நிறுத்திட்டாங்க’ன்னு சொல்லிட்டு, ஷூவைக் கழட்டிட்டுப் போய்ப் படுத்துட்டாரு. ஏங்க, வீட்டுல உக்காந்துதானே ஓடுறீங்க, கொஞ்சம் வேகமா ஓடக் கூடாதான்னு கேட்டேன். செவுத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு."

எழுபத்தாறாவது கிலோமீட்டரில் அப்படி ஒரு கூடாரம் இருக்கிறது. மாலை ஐந்துக்கு அதன் குறுக்கே கயிறு கட்டி, பிறகு வருகிறவர்களை நிறுத்திவிடுவார்கள். நான் அதைத் தாண்டிப் போனபோது ஐந்துக்கு இன்னும் அரை மணி இருந்தது. ஒரு ஆரஞ்சு வாங்கித் தின்றேன்.

"சொல்லுங்க டாக்டர். உங்களுக்குத்தான் தெரியும். நெஜமா போயிருந்தா முடிச்சிருப்பாரா?"

முடித்திருக்க மாட்டார். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டரே அதிகம். அதைச் சொன்னால் நான் செய்தது சரி என்று ஆகிவிடும். அவளுக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல். அவர் மட்டும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பார்.

"முடிச்சிருப்பாரு மதாம்" என்றேன். "ஒன்பதுக்கு முன்னாடியே."

ஸுஹைர் தலையை ஆட்டினாள். சாவு வீட்டில் மூன்று நாளாக அழாதவள் என்று மகள் வாசலில் சொல்லியிருந்தாள். இப்போது அழுதாள். நான் இருந்த பக்கம் அதன் பிறகு அவள் திரும்பவில்லை. மாடிப்படி இறங்கி வந்தேன்.