பிடுங்கி வைத்த ஒயர்

கத்திரி அக்காவுக்கு ஒரு ஆள் மேல் சந்தேகம் வந்துவிட்டால், அந்த ஆள் தும்மினால்கூட அதில் ஏதோ உள்குத்து இருப்பதாகத்தான் தோன்றும். இங்கிலீஷ் வீடியோக்களுக்கு அடியில் ஓடும் தமிழ் வரிகளை எழுதுகிற ஆபீஸ் அது. அங்கே அவள்தான் பெரிய தலை. மற்றவர்கள் எழுதுவதை எல்லாம் படித்து, நீளமானதை நறுக்குவதால் 'கத்திரி' என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் 'அக்கா'தான், கத்திரி எல்லாம் முதுகுக்குப் பின்னால்.

இந்தத் தடவை சந்தேகம் புதுப்பெண் மேல். தற்காலிகமாகச் சேர்ந்தவள். அவளை நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முதலாளி இன்று முடிவு செய்யவேண்டும். முடிவு என்ன பெரிய முடிவு, அக்கா தலையை எந்தப் பக்கம் ஆட்டுகிறாளோ அதுதான்.

பெண் எழுதுவதில் தப்பே இருப்பதில்லை. அதுதான் அக்காவின் வயிற்றெரிச்சல். தப்பே இல்லாமல் ஒரு மனுஷி எழுதுவாளா? அதுவும் வாயை அசைக்காமல்? அந்த ஆபீஸில் யார் எழுதினாலும் உதடு முணுமுணுக்கும். வீடியோவில் பேசுகிறவர் வாயை மூடுவதற்குள் நம் வரி முடியணுமே, அதை அளந்து பார்க்கத்தான். இவள் மட்டும் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பசை போட்டு ஒட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டு, திரையையே முறைத்துக்கொண்டிருப்பாள். மொழிபெயர்க்கிற மெஷினிடம் கொடுத்து எழுதி வாங்குகிறாள், வேறென்ன. அங்கே அது வேலைக்கே உலை வைக்கிற குற்றம்.

கையும் களவுமாகப் பிடிக்காமல் சும்மா சொல்லி என்ன பயன்? காலையில் தரைக்கு டைல்ஸ் ஒட்டச் சொல்லித்தரும் வீடியோ ஒன்றை அவளிடம் தள்ளினாள் அக்கா. தேடிப்பிடித்து எடுத்தது. அதில் வருகிற தாடிக்காரர் மூச்சுக்கு மூச்சு 'செட்' என்பார். இங்கிலீஷில் அந்த ஒரு சொல் போடுகிற வேஷம் கொஞ்சநஞ்சமா? டைலைப் பதிப்பதும் செட், கலவை இறுகுவதும் செட், கரண்டியும் சுத்தியலும் சேர்ந்து வந்தால் செட், மட்டம் பார்த்து வைத்தால் செட், உடைந்ததை ஓரமாக ஒதுக்கினால் அதுவும் செட். மெஷின் எங்கேயாவது சறுக்கும், ஒரே அமுக்காக அமுக்கிவிடலாம் என்பது அக்காவின் கணக்கு.

சறுக்கவில்லை. அந்தந்த இடத்துக்கு உண்டான சொல் அந்தந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. 'விரல் பதியாத அளவுக்கு இறுகட்டும்' என்று ஒரு வரி. தாடிக்காரர் பேச்சில் விரலே கிடையாது. சிமென்ட் மூட்டையைக் கிட்டப் போய்ப் பார்த்திராத பெண்ணுக்கு இது எங்கிருந்து வந்தது? அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

சாப்பிட்டு முடித்து, டம்ளர் கழுவுகிற சாக்கில் பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போன் தலையில் இருந்தது. அதன் ஒயர் மட்டும் மடியில் இறங்கி, முழங்காலுக்குக் கீழே சும்மா தொங்கியது. எதிலும் செருகவில்லை. அடிப்பாவி, காதால் கேட்கிற சிரமம்கூட இல்லையா!

முதலாளியைக் கையோடு அழைத்துவந்து, அந்த ஒயரின் நுனியை எலி வாலைப் பிடிக்கிற மாதிரி தூக்கிக் காட்டினாள். அறையில் முணுமுணுப்பெல்லாம் நின்றுபோனது. பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒருதடவை சத்தத்தோட கேட்டு எழுதிடுவேன் சார். அப்புறம் ஒயரைப் பிடுங்கிட்டு, என் வரியை மட்டும் வெச்சுப் பார்ப்பேன். புரியலைன்னா மாத்துவேன். எங்கம்மாவுக்குக் காது கேக்காது. அவங்க அப்படித்தானே பார்ப்பாங்க."

அப்புறம் ஹெட்போன் எதற்கு என்று முதலாளி கேட்டார். தலையில் இருந்தால் யாரும் வந்து பேச்சுக் கொடுக்கமாட்டார்கள் என்றாள். யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. மாட்டிக்கொண்டதும் காது கேளாத அம்மா ஒருத்தி முளைத்துவிடுவாளாக்கும், யாருக்குக் காதில் பூச்சுற்றுகிறாள்? எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்த முதலாளி, நீங்கள் சொல்வதுதான் என்று பொறுப்பை அக்கா தலையில் கட்டினார். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பெண் சாப்பாட்டு டப்பாவையும் சால்வையையும் பைக்குள் திணிக்க ஆரம்பித்தாள்.

ஜெயித்துவிட்டு வந்து உட்கார்ந்தவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெண் சொன்னது பொய் என்று தனக்குத்தானே நிரூபித்துக்கொண்டால் நிம்மதி. தான் எழுதின பழைய வீடியோ ஒன்றைத் திறந்தாள். அதே தாடிக்காரர், குளியலறைச் சுவர். ஆபீஸே பாராட்டின வேலை. ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓடவிட்டாள்.

'முதலில் செட்டை எடுங்கள்.' 'செட் பண்ணுங்கள்.' 'செட் ஆகட்டும்.' 'செட் ஆனதும் அடுத்ததை செட் பண்ணுங்கள்.'

தாடிக்காரர் வாயை மட்டும் அசைத்தார். அக்கா மறுபடி ஓடவிட்டாள். எழுதும்போது தெளிவாகத்தானே இருந்தது? நாமெல்லாம் அப்படித்தானே பேசுகிறோம், எல்லாவற்றுக்கும் ஒரு செட். பாதி வேலையைக் காது செய்திருக்கிறது. இப்போது எதை எடுக்கச் சொல்கிறார், எது ஆகட்டும் என்கிறார், எழுதினவளுக்கே விளங்கவில்லை. அவர் சுவரோரம் வழிந்த கலவையில் விரலை வைத்து அழுத்தி, பதியவில்லை பார் என்று காட்டினார். அந்த விரலை அக்கா இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

செருப்பைக்கூட மாட்டாமல் லிஃப்ட் பக்கம் ஓடினாள். பெண் உள்ளே நின்றிருந்தாள். மூடப்போன கதவை அக்கா கையால் தடுத்தாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய், அது வரவே இல்லை. முதலாளியிடம் நான் பேசிக்கொள்கிறேன், நாளைக்கு வந்துவிடு என்று மட்டும் சொன்னாள். அப்போதும் பாழாய்ப்போன சந்தேகம் விட்டதா என்றால், இல்லை.

"உங்கம்மா நிஜமாவே நம்ம வீடியோவைப் பார்க்கிறாங்களா?"

"அம்மா டைல்ஸ் வேலை கத்துக்கப் போனாங்கக்கா. அங்க அந்தத் தாடிக்காரரோட குளியலறைச் சுவர் வீடியோவைத்தான் போட்டுக் காட்டினாங்களாம். ஒண்ணுமே புரியலைன்னு அழுதுட்டே வந்தாங்க. கலவை இறுகறதுக்குள்ள கையை வெச்சு சுவரையே கெடுத்துட்டாங்கன்னு அனுப்பிட்டாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்."

அக்கா கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. கதவு அவள் கையில் இடித்து இடித்துத் திரும்பியது.

"எழுதினது நீங்கன்னு இங்க வந்தப்புறம்தான் தெரியும்" என்றாள் பெண். "அம்மாகிட்ட இன்னும் சொல்லலைக்கா."