பல்லவனின் பட்டுக் கயிறு

குதிரை செத்து முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது. அது உயிரோடு இருக்கிறது என்று குதிரைக்காரன் தாவீது நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டுமாம். பண்ணை முதலாளி தணிகாசலம் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார், கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சச் சொல்வதுபோல.

"பெங்களூர்லேர்ந்து மூணு பெட்டக் குதிரைங்க வருது. புதுசா வாங்கனமே செவலை, பாக்க அதே ஜாடதான், அத்த இட்டாந்து பல்லவன்னு சொல்லு. நீ புடிச்சாந்தா எவன் கேக்கப் போறான்?"

முசரவாக்கத்துப் பண்ணைக்கு வந்த பதினாலு வருஷத்தில் பல்லவனைத் தாவீதைத் தவிர யாரும் பிடித்ததில்லை. கிண்டியில் ஒன்பது பந்தயம் ஜெயித்துவிட்டுப் பெட்டைகளோடு சேர்க்கும் பொலிகுதிரையாக வந்து இறங்கியபோது, சணல் கயிறு தேய்த்து அதன் மூக்கெல்லாம் புண். தாவீதின் மனைவி எல்லம்மாள் ஐயம்பேட்டைத் தறிக்காரர்களிடம் கழிவுப் பட்டு கேட்டு வாங்கி வந்தாள். அரக்கும் மஞ்சளுமாக அதைத் திரித்துத் தலைக்கயிறு பின்னிப் போட்டான். அன்றிலிருந்து பல்லவன் என்றாலே அந்தக் கயிறுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

அதற்குப் பிறந்தவை நாற்பதுக்கு மேல். ஓடி ஓடிக் கோப்பை வாங்கின. கோப்பைகள் முதலாளி வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அப்பன்காரன் புளியமரத்தடியில் கிடக்கிறான். தானாகவா போனான்? தை மாதம் ஒரே நாளில் நாலு பெட்டைகளோடு சேர்க்கச் சொன்னார் இந்த மகராசன்.

"மூச்சு எறைக்குது மொதலாளி, நாளைக்கு வச்சிக்கலாம்" என்று தாவீது காலில் விழாத குறையாகச் சொன்னான்.

"கெழட்டுக் குதிரைக்கு நீ வக்காலத்தா?"

நாலாவது பெட்டையோடு விழுந்தது. எழவே இல்லை. தலைக்கயிற்றோடுதான் தாவீது அதைப் புதைத்தான்.

இப்போது அதன் பேரை ஒரு பந்தயமும் ஜெயிக்காத செவலைக்குச் சூட்டி, பிறக்கப்போகும் குட்டிகளுக்கெல்லாம் பொய் அப்பன் வைக்க வேண்டும்.

"என்னால ஆவாது மொதலாளி."

"ஆவாதுன்னா குடிசைய காலி பண்ணு."

கயிறு குழிக்குள் இருக்கிறது, அது இல்லாமல் பெங்களூர்க்காரன் நம்ப மாட்டான் என்று தாவீது மனசைத் தேற்றிக்கொண்டான். மத்தியானம் புளியமரப் பக்கம் போனவன் அப்படியே நின்றான். குழியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சீயக்காய் போட்டுக் கழுவிய கயிறு கிளையில் காய்ந்துகொண்டிருந்தது. அடப் பாவி, செத்ததன் தலையிலிருந்தா உருவினாய்?

சாயங்காலம் லாரி வந்தது. பெட்டைகளோடு வந்த பெங்களூர்க்காரன் அர்ஜுனனுக்குப் பல்லவனை முன்பே தெரியும். தணிகாசலமே கயிற்றை எடுத்துச் செவலையிடம் போனார். கழுவியும் போகாத பிண வாடை மூக்கில் பட்டதும் அது கண்ணை உருட்டிப் பின்வாங்கிச் சுவரில் மோதியது.

"கயித்தப் பாத்தா தானா தல குடுக்குமே. இன்னா ஆச்சு இன்னைக்கு?" என்றான் அர்ஜுனன்.

"வெயில்பா. தாவீது, நீ போடு."

தாவீது கயிற்றை வாங்கினான். நேரே அர்ஜுனனிடம் போய் மூக்கருகே நீட்டினான்.

"மோந்து பாரு சார். முப்பத்தாறு நாளா மண்ணுக்குள்ள இருந்தது. வா, பல்லவனக் காட்டறன். குழி இன்னும் தொறந்துதான் கெடக்குது."

அர்ஜுனன் போய்ப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினான். பெட்டைகளை இறக்காமலே லாரி கிளம்பியது.

"வெளிய போடா நாயே" என்று கத்தினார் தணிகாசலம்.

தாவீது மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, கயிற்றோடு புளியமரத்துப் பக்கம் நடந்தான்.

"போறன்யா. இத்த மூடிட்டுப் போறன்."