விழுந்தால்தான் வருவான்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. வார இதழ் ஒன்றின் இணைப்புப் பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் நண்பர் போன் செய்து, "பைக் ஓட்டறவங்க ஏன் இப்படிக் கண்ணைப் பறிக்கற கலர்ல லெதர் சூட் மாட்டிக்கிட்டுப் போறாங்க? சின்னதா எழுதிக் குடுங்களேன்" என்றார். சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாத என்னிடம் ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. நானும் மறுக்கவில்லை. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிட்டு அப்புறம் முழிக்கிற ஆள் நான்.

கட்டுரை இப்படித் தொடங்கியது: "சாலையில் விழுகிறவனின் உடம்புக்கும் தாருக்கும் நடுவே

[இதை முடிக்கவில்லை. முடித்தால் ரத்தம் வந்துவிடும் போலிருந்தது.]

அடுத்து இப்படி எழுதினேன்: "நல்ல தோல், துணியைப்போல் உடனே கிழிந்துவிடாது, விழுந்தவனோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போகும். பளிச்சென்ற நிறம் பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணில் சட்டென்று படும். பந்தயக்காரர்கள் என்றால் அணியின் நிறம், விளம்பரம் கொடுத்தவரின் நிறம்." எல்லாம் சரிதான். எனக்கே கொட்டாவி வந்தது. தூக்கம் கலையட்டும் என்று, "இவற்றையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து தைக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தேன். தைக்கிறவள் வந்து உட்கார்ந்துவிட்டாள். எழுந்து போகிற வழியாக இல்லை.

2

அவளுடைய பட்டறை, பெரிய சாலையைப் பார்த்த ஒரு மாடியறை. கீழே கடையில் அவளுடைய அக்கா ஹெல்மெட்டும் கையுறையும் விற்கிறாள். மேலே கனத்த தையல் மெஷின், சுருட்டி வைத்த தோல்கள், பசை வாடை. அறைக்கு நடுவில் இன்ஜின் இல்லாத பழைய பைக் ஒன்று ஸ்டாண்டில் நிற்கும். அளவு கொடுக்க வருகிறவர்கள் அதில் ஏறி, ஓட்டுகிறாற்போல் குனிந்து உட்கார வேண்டும். நின்றபடி எடுக்கிற அளவு இந்த உடைக்கு உதவாது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கிறவன். முதல் தடவை வந்தபோது கறுப்புதான் வேண்டும் என்றான்.

"கறுப்புல போனா நீங்களும் ரோடும் ஒண்ணாத் தெரிவீங்க. எவன் கண்ணுலயும் பட மாட்டீங்க" என்றாள்.

"படாம இருக்கறது நல்லதுதானே, மாஸ்டர்?"

தையல் மாஸ்டர் என்றதும் ஓர் ஆணை எதிர்பார்த்து மாடியேறியவன் அவன். உள்ளே ஒரு பெண்ணைப் பார்த்த பிறகும் அந்தச் சொல்லை மாற்றவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

"பட்டாத்தான் பிரேக்கு போடுவான். ஆரஞ்சு எடுத்துக்கங்க."

"சர்க்கஸ்ல சேத்துக்குவாங்க மாஸ்டர்."

"சேத்துக்கட்டுமே. கையும் காலும் முழுசா இருந்தா எதுல வேணா சேரலாம்."

அவன் சிரித்துவிட்டுச் சரி என்றான். அன்று முதல் அக்கா தங்கை பேச்சில் அவனுக்குப் பெயர் ஆரஞ்சு.

(* ஓரக்குறிப்பு: தைத்து முடித்ததைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவன், நிமிர முடியாமல் பதறிப்போனான். "மாஸ்டர், இது யாரோ தாத்தாவுக்குத் தச்சதா?" பைக்கில் ஏறி உட்காரச் சொன்னாள். குனிந்ததும் உடை அச்சாகப் பொருந்தியது. "அட" என்றான். கதைக்கு இது தேவையே இல்லை. அந்த "அட"வை அவள் அடிக்கடி நினைத்துக்கொள்கிறாள் என்பதால் விட்டுவைத்திருக்கிறேன்.)

3

அவளுக்கு எப்போது மனசு போயிற்று?

முதல் வரைவில், அளவெடுக்கும்போது. "அவன் முதுகுத்தண்டின் மேல் டேப்பை ஓடவிட்டவளுக்கு விரல்கள்

[வேண்டாம். எத்தனையோ முதுகுகளை அளந்தவள். வேலை நேரத்தில் அவளுக்கு முதுகு முதுகுதான். என் ஆசையை அவள் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன்.]

இரண்டாவது வரைவு நம்பும்படி இருந்தது. ஒரு வளைவில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் அவன் வழுக்கி விழுந்தான். மறுநாள் சூட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, படியேறும்போதே பேசிக்கொண்டு வந்தான். "மாஸ்டர், எனக்கு விழ வேண்டிய அடியெல்லாம் இது வாங்கிக்கிச்சு!" மேஜையில் விரித்தான். இடது தோளிலிருந்து இடுப்புவரை ஆரஞ்சு நிறம் போய், தோல் வெளுத்து நார்நாராக நின்றது. அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவள் அந்த வெளுத்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தவள் உடனே எடுக்கவில்லை. எனக்குச் சந்தேகமே இல்லை, அப்போதுதான்.

சூட்டைக் கொடுத்துவிட்டு அவன் போயிருக்கலாம், போகவில்லை. அவள் அதைப் பழுது பார்த்த நாட்களிலெல்லாம் வேலை முடிந்து வந்து, ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்தான். நடுவழியில் நின்றுபோன லிஃப்ட்டுகளுக்குள் மனிதர்கள் என்னவெல்லாம் பேசிக்கொள்கிறார்கள் என்று கதை கதையாகச் சொன்னான். மாட்டிக்கொண்டவர்களில் பாதிப்பேர் வெளியே வரும்போது சிநேகிதர்களாகிவிடுகிறார்களாம். டீ கொண்டுவந்த அக்கா சுற்றி வளைக்காமல் கேட்டாள்:

"ஏன் தம்பி, விழுந்து எழுந்து வர்றீங்க, வண்டியை விடுன்னு வீட்ல யாரும் சொல்றதில்லையா?"

"சொல்றதுக்கு ஆள் இல்லீங்க."

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை ஊசியைப் பார்த்தாள்.

4

இனி கதை கொஞ்சம் கஷ்டமான இடத்துக்குப் போகிறது. இந்தப் பகுதியை மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.

கடைசித் தையலுக்கு முன் அவள் கையில் நூல் சுற்றிய இரண்டு பாபின்கள் இருந்தன. ஒன்றில் மெல்லிய நூல், உள்துணிக்குப் போடுவது. தோளில் போட்டால் சில மாதத்தில் பிரியும். பிரிந்தால் அவன் வருவான். மாடிப்படியில் அந்தப் பேச்சுச் சத்தம் கேட்கும். ஆனால் சாலையில் பிரிந்தால்?

அவள் தடித்த நூலைப் போட்டாள். ஒரு வரிசை தைத்து, பக்கத்தில் இன்னொரு வரிசையும் தைத்தாள். தோளுக்குள் அடி தாங்க வைத்திருந்த திண்டை மாற்றினாள். ஆரஞ்சை இன்னும் பளிச்சென்ற ஆரஞ்சால் ஒட்டுப்போட்டாள். அவன் திரும்பி வர வேண்டிய காரணங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே அடைத்தாள். அவன் நன்றி சொல்லி, போட்டுக்கொண்டு போனான்.

அப்புறம் வரவில்லை. ஏன் வருவான்? தையல் அப்படி.

காலையில் ஜன்னலோரம் நின்றால், நெரிசலில் எப்போதாவது ஓர் ஆரஞ்சு தென்படும். சிக்னல் விழுந்ததும் மறைந்துவிடும். கறுப்பு எடுத்திருந்தால் அதுவும் இல்லை.

"என்னடி, காக்காவுக்குச் சோறு வெக்கறியா தினமும்?" என்றாள் அக்கா.

"காத்து வாங்கறேன்."

"காத்து ஆரஞ்சு கலர்லயா வருது? போன் போடேன். நம்பர் என் போன்லதான் இருக்கு."

"போட்டு என்னன்னு கேக்கறது? விழுந்தீங்களான்னா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. தங்கைக்கு வரவில்லை.

ஒருநாள் காலையில் நல்ல தூறல். சாலை எண்ணெய் பூசியதுபோல் மின்னியது. இன்றைக்கு வழுக்கும் என்று நினைத்தாள். அந்த நினைப்புக்குள்ளே ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. தைத்துக்கொண்டிருந்த தோலில் மெஷின் கோணலாக ஓடிவிட்டது. துணி என்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி போன ஓட்டை போனதுதான், மூடாது. அந்தத் துண்டையே ஒதுக்கிப் போட்டுவிட்டு, நாள் முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள்.

5

வாசகரே, அவளை நீங்கள் திட்டுவதற்கு முன் என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை.

எனக்கும் அவன் விழ வேண்டியிருக்கிறது. அவன் விழாவிட்டால் கதை நகராது. நான் எழுதியே பார்த்தேன்: "ஈரமான பாலத்தில் முன்சக்கரம் ஒரு நொடி

[அடித்துவிட்டேன். நல்ல வாக்கியமாக வந்துகொண்டிருந்தது. அதுதான் பயமாக இருந்தது.]

பெரிய அடி ஒன்றும் வேண்டாம், லேசான சிராய்ப்பு போதும் என்று என்னோடு நானே பேரம் பேசினேன். இணைப்புப் பக்க நண்பர் வேறு, "கட்டுரை எங்க? சரி, கதையாவே குடுங்க, ஒரு ஆக்சிடென்ட் இருந்தா நல்லா இருக்கும்" என்றார். அவருக்கென்ன போயிற்று.

அப்போது நான் செய்யக் கூடாத ஒரு வேலையைச் செய்தேன். அவளிடமே கேட்டேன்.

"சின்னதா விழ வெக்கட்டுமா? எழுந்து வந்துடுவான். நான் பொறுப்பு."

அவள் மெஷினை நிறுத்தினாள்.

"உங்க பொறுப்பு பேப்பர்ல. அவர் போறது ரோட்ல."

"அப்ப அவன் வரவே மாட்டானேம்மா."

"வராட்டிப் போகட்டும். எனக்கு அவரைப் பாக்கணும், தினமும் பாக்கணும், பக்கத்துல உக்காந்து அந்த லிஃப்ட்டுக் கதையெல்லாம் இன்னொரு தடவை கேக்கணும். இல்லேன்னு சொல்லல. அதுக்காக அவரை விழ வெப்பீங்களா? நான் தச்சதுக்கு என்ன அர்த்தம்?"

பேனாவை மூடினேன். ஏன் இவ்வளவு பளிச்சென்ற நிறம் என்று என்னைக் கேட்டார்களே, அதற்கு நேர்மையான பதில் இப்போது என்னிடம் ஒன்றுதான்: யாரோ ஒருவருக்கு அவனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவனுக்கு ஒன்றும் ஆகிவிடவும் கூடாது. கட்டுரையில் இதைப் போட முடியாது.

6

முடிவுகள் சில கைவசம் இருந்தன. அக்காவே போன் செய்து, "சர்வீசுக்குக் கொண்டாங்க தம்பி" என்று பொய் சொல்வது ஒன்று. [வேலை செய்யும். ஆனால் அவன் வந்து உட்காரும்போது அந்தப் பொய்யும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.] அவன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவது இன்னொன்று. [சோம்பேறித்தனம்.] அவள் மறந்துவிடுவது. [அவளைத் தெரிந்தவர்கள் இதை எழுத மாட்டார்கள்.]

நான் இப்படி உருட்டிக்கொண்டிருக்கையில் அவள் கீழே இறங்கிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கடையில் வாடிக்கையாளருக்கு ஹெல்மெட் மாட்டிக் காட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் கையை நீட்டி, "போனைக் குடு" என்றாள். அக்கா ஒரு கேலியும் பேசாமல் கொடுத்தாள். அதிலிருந்தே விஷயம் பெரியது என்று தெரிந்தது.

மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தபோது அவனைச் சுற்றி இரும்பு இடிக்கும் சத்தம்.

"ஹலோ?"

"நான்... சூட்டு தைக்கற..."

"மாஸ்டரா!" சத்தத்திலிருந்து விலகி நடந்து வருகிறான் போலிருக்கிறது, குரல் தெளிந்தது. "என்ன மாஸ்டர் திடீர்னு? நான் விழவே இல்லையே!"

அவள் கல்லாவின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள். "அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

அக்கா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவன் அடுத்துச் சொல்லப்போவது எனக்குத் தெரியாது. தெரிந்ததாகப் பாசாங்கு செய்யவும் மனமில்லை. நீங்களே சொல்லவையுங்கள். வருகிறேன் என்று சொல்லலாம். என்ன சொல்வதென்று தெரியாமல் இருமலாம். புரியாதவனாக, "அப்படியா, சரிங்க மாஸ்டர்" என்று வைத்துவிடவும் செய்யலாம்; அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள். எதுவானாலும் அவள் தாங்கிக்கொள்வாள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவன் வருவதாக நீங்கள் முடிவு செய்தால், வழியில் எங்கும் அவனை விழவைக்காதீர்கள். கதை சப்பென்று போனால் போகட்டும்.