நாவலில் இல்லாத ஒரு வாய்ச் சோறு

திருநாவுக்கரசு கட்டுரை வாசிக்க எழுந்தபோது மணி நாலேகால். சிகந்தராபாத்தில் ஒரு தமிழ்ச் சபையின் பின்பக்க ஹாலில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தது பதினேழு பேர். தமிழ் நாவலுக்கு, அதுவும் விண்வெளி நாவலுக்கு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்த ஊரில் பதினேழு பேர் வந்தால் அது திருவிழாக் கூட்டம்தான். ஆனால் நாவலை எழுதிய லோயிஸ் வந்தவர்களைப் பார்க்கவில்லை. வராத ஒருத்திக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒருத்தி ஸ்வீட்டி, கூடப் பிறந்த தங்கை. லாலாகுடாவில் இருக்கும் லோயிஸ் வீட்டிலிருந்து போவன்பள்ளியில் இருக்கும் ஸ்வீட்டி வீட்டுக்கு ஆட்டோ பிடித்தால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைக் கடக்க இரண்டு பேருக்கும் ஒன்பது வருஷம் போதவில்லை. மௌலா அலி பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிற லோயிஸ், ஒளி ஒரு வருஷத்தில் எவ்வளவு தூரம் போகும் என்று கரும்பலகையில் பிசிறில்லாமல் எழுதுவாள். தங்கைக்கு ஒரு போன் போடத்தான் தெரியாது. போன் போடத் தெரியாததால் நாவல் எழுதினாள். இப்படியும் ஒரு பிறவி உண்டா என்று கேட்டால், உண்டு, என்ன செய்வது.

நாவலின் பெயர் ‘மூன்றாம் நிலவின் பசி’. பூமியை விட்டு வெகுதூரம் போய்விட்ட ஒரு கலம். அதில் எல்லோருக்கும் குழாயில் பிதுக்கித் தின்கிற கூழ்தான் சாப்பாடு. நோயறையில் படுத்திருக்கும் ஒரு கிழவி, ஒரு வாய்ச் சோறு வேண்டும் என்கிறாள். கடைநிலைப் பணிப்பெண் ஒருத்தி எங்கிருந்தோ அரிசி தேடி, பொங்கி, உடைக்குள் ஒளித்து எடுத்துவருகிறாள். ஊட்டப் போகும்போது கலத்தின் தலைவி அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்துவிடுகிறாள். கிழவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பசியோடு சாகிறாள். அதற்குப் பிறகு நாவல் முழுக்கத் தலைவி தன் வலக்கையை முதுகுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டு நடக்கிறாள். சாப்பிடுவதுகூட இடக்கையால்தான்.

அந்த வலக்கைதான் திருநாவுக்கரசுக்கு மாட்டியது. கொண்டாப்பூரில் பெரிய கணினிக் கம்பெனியில் இருப்பவர், கட்டுரையையும் கம்பெனிப் படக்காட்சி போலவே தயாரித்திருந்தார். சோறு என்பது இழந்த பூமி, கூழ் என்பது உலகமயமாக்கல், முதுகுக்குப் பின்னால் போன கை ராணுவ அதிகாரத்தின் உடல்மொழி என்று அடுக்கிக்கொண்டே போனார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் மனிதர் கெட்டிக்காரர். கூட்டமும் தலையாட்டியது. ராணுவமாவது மண்ணாவது! கையைப் பார்க்கப் பிடிக்காதவள் பின்னால் வைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான் சங்கதி. அதை லோயிஸ் யாரிடம் போய்ச் சொல்வாள்?

நடந்தது இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய அம்மா குடல் நோயில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்று கட்டில் தலைமாட்டில் எழுதி மாட்டியிருந்தது. அம்மாவோ கொரமீன் குழம்பு ஊற்றி ஒரு வாய்ச் சோறு கேட்டுக்கொண்டே இருந்தார். ஸ்வீட்டி டிபன் டப்பாவில் கொண்டுவந்துவிட்டாள். பிசைந்து எடுத்த கையை லோயிஸ் எட்டிப் பிடித்தாள். பிடித்த பிடியில் ஸ்வீட்டியின் வளையல் ஒன்று நொறுங்கியது. மறுநாள் விடியும்போது அம்மா இல்லை. அடக்கம் முடிந்த அன்று போன ஸ்வீட்டி திரும்பவே இல்லை. அம்மாவைப் பட்டினி போட்டுக் கொன்றவள் என்று தங்கை தன்னை வெறுக்கிறாள் என்றுதான் லோயிஸ் நினைத்தாள். வெறுத்தாலும் பரவாயில்லை, எதிரே உட்கார்ந்து வெறுக்கட்டும் என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. புத்தகத்தையும் அழைப்பிதழையும் தபாலில் சேர்த்து அனுப்பியது அதனால்தான்.

கட்டுரை முடிகிற நேரத்தில் ஸ்வீட்டி உள்ளே வந்தாள். கொஞ்சம் பெருத்திருந்தாள், முன்நெற்றியில் நரை. கடைசி வரிசையில் உட்கார்ந்து மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டாள். பள்ளிப் பிள்ளை மாதிரி அதற்குச் செய்தித்தாளில் அட்டை போட்டிருந்தாள். லோயிஸுக்குக் கண் கலங்கி, பார்வையிலிருந்த பதினேழு பேரும் மங்கிப்போனார்கள்.

கேள்வி உண்டா என்று கேட்டதும் ஸ்வீட்டிதான் எழுந்தாள். அக்கா என்று கூப்பிடவில்லை. யாரோ ஒரு எழுத்தாளரிடம் பேசுவது போலப் பேசினாள்.

“அந்தப் பாட்டி பசியோட செத்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. அது தப்பு.”

எழுத்தாளருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு என்று திருநாவுக்கரசு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். நல்லவேளை, அதற்குள் சமோசா வந்துவிட்டது. இலக்கியமாவது ஒன்றாவது, பதினேழு பேரும் அந்தப் பக்கம் போனார்கள். லோயிஸ் மேடையை விட்டு இறங்கி, கடைசி வரிசைக்கு வந்து, ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்காரத் தைரியம் வரவில்லை.

“என்ன தப்பு, ஸ்வீட்டி?”

ஸ்வீட்டி தலை நிமிராமலே சொன்னாள். “அன்னிக்கு அப்புறம் நீ ரிப்போர்ட் வாங்கக் கீழ போனேல்ல, அப்ப நான் ஊட்டிட்டேன். ஒரு வாய். அம்மா முழுங்கிட்டாங்க. பசியோட போகல அக்கா.”

ஒன்பது வருஷமாகத் தட்டில் சோறு வைக்கும்போதெல்லாம் லோயிஸுக்கு அம்மாவின் பசிதான் ஞாபகம் வரும். அம்மா சாப்பிட்டிருக்கிறார்! அவள் வாய்விட்டு அழுதிருப்பாள். அதற்குள் தங்கை மிச்சத்தையும் சொன்னாள்.

“விடியறதுக்குள்ள போயிட்டாங்க. நான் குடுத்ததுதான் கொன்னுச்சு. உன் முகத்தைப் பாத்தா சொல்லிருவேன்னு பயந்துதான் வரல. நான் உன் மேல கோவமா இருக்கேன்னு நெனச்சியா? நக்கோ, அப்படி இல்ல அக்கா, எனக்கு உன் மேல கோவமே இல்ல.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. தங்கை வெறுப்பில் ஒதுங்கினாள் என்று இவள் இருக்க, அவள் கொலைப்பழியைத் தூக்கிக்கொண்டு இத்தனை வருஷம் போவன்பள்ளிக்குள்ளேயே சுருண்டு கிடந்திருக்கிறாள். பாவிப் பெண்.

அந்தப் பழியை இறக்கி வைக்க ஒரே ஒரு வாக்கியம் போதும். அது லோயிஸிடம்தான் இருந்தது. நாவலில் அதை எழுத அவளுக்கு மனம் வரவில்லை. சொன்னால் தங்கை தப்பித்துவிடுவாள். ஆனால் டாக்டர் சொன்னபடிதானே செய்தேன் என்று இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்த கொம்பு லோயிஸின் கையை விட்டுப் போய்விடும். ஸ்வீட்டி வெறுக்க ஆரம்பித்தால், இந்தத் தடவை நியாயமாகவே வெறுப்பாள். சமோசாத் தட்டோடு யாரோ இவர்கள் பக்கம் வந்து, முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

“நீ கொல்லல டீ,” என்றாள் லோயிஸ். “முந்தின நாளே டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டார். ஒரு நாள், மிஞ்சிப் போனா ரெண்டு நாள்னு. குடுத்தாலும் குடுக்காட்டாலும் அவ்வளவுதான்னு.”

ஸ்வீட்டி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“தெரிஞ்சுமா என் கையப் பிடிச்ச?”

“ஹவ், தெரிஞ்சுதான். போர்டுல எழுதினத ஒழுங்காக் கேட்டா அம்மா பொழச்சிருவாங்கன்னு தோணிச்சு. வேற எதுவும் எனக்குத் தெரியல.”

திட்டுவாள், எழுந்து போய்விடுவாள், போனால் இனி வரவே மாட்டாள் என்று லோயிஸ் காத்திருந்தாள். ஸ்வீட்டி போகவில்லை. புத்தகத்தின் அட்டையை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் டீ ஊற்றுகிற சத்தம் கேட்டது.

“ஒரு வாய் முழுங்கிட்டு அம்மா திரும்ப வாயத் திறந்தாங்க அக்கா,” என்றாள். “நீ படியேறி வர்ற சத்தம் கேட்டுச்சு. நான் டப்பாவ மூடிட்டேன்.”

லோயிஸ் நடுவிலிருந்த காலி நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள்.

“இன்னொரு வாய் குடுத்திருக்கலாம்ல?” என்று கேட்டாள் ஸ்வீட்டி.

“குடுத்திருக்கலாம் டீ,” என்றாள் லோயிஸ்.