நாலு பங்காளிகள்

அக்காவும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசி மூன்று நாள் ஆயிற்று. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை, போதாக்குறைக்கு ஒரே வேலையிடம். எழும்பிக்கொண்டிருக்கும் பதினாலு மாடிக் கட்டடத்தில் கிரேன் ஓட்டுகிறவள் அவள். கீழே நின்று வாக்கிடாக்கியில் அவளுக்குச் சிக்னல் சொல்கிறவன் அவன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். கோபத்தில் அதையும் சொல்லிக் காட்டிவிட்டாள், கேட்க வேண்டுமா? அன்றிலிருந்து அவன் வாயில் "அக்கா" கிடையாது. "ஆபரேட்டர்"தான்.

அங்கே சிக்னலுக்கு நாலே வார்த்தை. "கோ" என்றால் தூக்கு, "லோ" என்றால் இறக்கு, "ஸ்லோ" என்றால் மெதுவாக, "நோ" என்றால் நிறுத்து. சின்ன வார்த்தை, ராகமாக இருக்கிறது, எவனுக்கும் மறக்காது என்று இன்ஜினியரே யோசித்து, பெருமையாகப் பலகையில் எழுதி மாட்டியவை.

மூன்று நாளைக்கு முன்னால் கண்ணாடிப் பலகைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஆளுயரத்துக்கு வந்ததும் தம்பி "ஸ்லோ" என்றான். அவளுக்கு "லோ" என்று கேட்டது. அதே வேகத்தில் இறக்கினாள். அத்தனையும் தூள்தூள். துள்ளி விலகியதால் அவன் தப்பினான்.

ஸ்லோ என்றுதான் சொன்னேன் என்றான் அவன். லோ என்றுதான் சொன்னாய், பொய் சொல்லாதே என்றாள் இவள். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன இன்ஜினியர் இன்று மாலை ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க. யாருன்னு காலைல எனக்குத் தெரியணும். அந்த ஒருத்தர் வேலையை விட்டுப் போயிடணும்."

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. வேலைகூடப் பெரிதில்லை. தன் கையாலேயே தம்பி நசுங்கியிருப்பானே என்ற நினைப்புதான் விடவில்லை. அந்தப் பயம்தான் வாய்க்கு வரும்போது கோபமாக வந்தது.

அவள் புருஷன் மழலையர் பள்ளியில் வாத்தியார். உலகமே இடிந்து விழுந்தாலும் மறுநாள் பாடத்துக்கு அட்டை வெட்டாமல் இருக்கமாட்டார். இங்கிலீஷில் ஒரே மாதிரி முடியும் வார்த்தைகளை அவர் பிள்ளைகளுக்குப் "பங்காளிகள்" என்றுதான் சொல்லிக்கொடுப்பார். கேட், பேட், ரேட் ஒரு குடும்பம். பெல், வெல், ஷெல் இன்னொரு குடும்பம்.

"இந்தக் குடும்பத்துல 'கோ', 'நோ' ரெண்டு பேர்தான் இருக்காங்க. இன்னும் ரெண்டு பங்காளி வேணும். உனக்கு ஏதாவது தோணுதா?" என்றார், கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இது ஒரு பெரிய விஷயமா? லோ, ஸ்லோன்னு எழுதிட்டுப் போங்களேன்" என்று எரிந்து விழுந்தவள், அப்படியே வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி இரண்டு அட்டையில் தானே எழுதினாள். நாலையும் வரிசையாக வைத்தாள். அட கடவுளே, பலகையில் இருந்த அதே நாலு.

"என்னங்க, உங்க மச்சினனைக் குளியலறைக்குள்ள போகச் சொல்லுங்க."

"அவன் என்ன தப்பு பண்ணான்?"

"போகச் சொல்லுங்களேன். அங்க இருக்கற இரைச்சல் மாதிரி குழாயை முழுசாத் திறந்துவிட்டு, வாளிக்குள்ள தலையை விட்டு, இந்த நாலையும் மாத்தி மாத்திச் சொல்லச் சொல்லுங்க."

தம்பி முறைத்துக்கொண்டே போனான். சாத்திய கதவுக்கு வெளியே நின்று அவள் கேட்டு எழுதினாள். பத்துக்கு ஐந்துதான் சரி. ஆளை மாற்றி அவள் உள்ளே போனாள். அவனுக்கும் ஐந்துதான். "மறுபடியும், மறுபடியும்" என்று இருவரும் மாறி மாறி உள்ளே ஓட, வாத்தியாருக்கும் தொற்றிக்கொண்டது. "ஸ்லோவுல அந்த 'ஸ்' இரைச்சல்ல போயிடுதுடா, மிச்சம் லோதான்" என்று குதித்தார்.

பிறகு பங்காளி இல்லாத வார்த்தைகளுக்கு வேட்டை. மேலே, கீழே என்றான் தம்பி. அதுவும் பங்காளி என்று தள்ளினார் வாத்தியார். ஏத்து, நிறுத்து என்றாள் அக்கா. அதுவும் போயிற்று. கடைசியில் தேறியவை தூக்கு, டவுன், மெதுவா, ஸ்டாப். அக்காவும் தம்பியும் தலை முதல் கால் வரை நனைந்திருந்தார்கள். ஆனாலும் ஒருவரோடு ஒருவர் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. வீம்பு அப்படி.

காலையில், ஓடுகிற கலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இன்ஜினியரை நிற்கவைத்து, கையில் வாக்கிடாக்கியும் காகிதமும் கொடுத்தாள். கட்டடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பி பத்து வார்த்தை சொன்னான். இன்ஜினியர் எழுதினார். சொன்னதை எழுதி அவன் கொண்டுவந்த சீட்டோடு ஒத்துப் பார்த்தார்கள். பத்துக்கு நாலு.

"அவன் ஸ்லோன்னு சொன்ன இடத்துல நீங்க லோன்னு எழுதியிருக்கீங்க. அப்ப நீங்களும் பொய் சொல்றீங்களா சார்?" என்றாள்.

இன்ஜினியர் காகிதத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். காது சிவந்தது.

"ஒருத்தர் போகணும்னீங்களே சார்" என்றான் தம்பி பவ்யமாக. "பலகைல இருக்கற அந்த நாலு பேரும் போகட்டும்."

மனிதர் பலகையை அழித்துவிட்டுப் புது வார்த்தைகளைத் தன் கையாலேயே எழுதினார்.

அவள் ஏணியேறிக் கிரேன் அறைக்குள் உட்கார்ந்தாள். கீழே புதுக் கண்ணாடிகளைக் கட்டியாகிவிட்டது. வாக்கிடாக்கி கரகரத்தது.

"தூக்குக்கா."

கணீரென்று கேட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. விசையில் வைத்த கையை எடுத்துக்கொண்டு, வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"சரியாக் கேக்கலடா. இன்னொரு தடவ சொல்லு."