வாய் திறக்கும் பரிசு

நாலு பெண்கள் என் தலைக்கு மேல் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்திருந்தார்கள். அத்தை கொக்கப் அதன் மேல் இரண்டு சர்க்கரைக் கூம்புகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்படித் தேய்த்தால் கல்யாண வாழ்க்கை இனிக்குமாம். பாதிச் சர்க்கரை துணியைத் தாண்டி என் தலைமுடியில் விழுந்தது. சித்தி மகள் ஷுகூஃபே துணியின் ஓரத்தில் வண்ண நூல் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அது மாமியாரின் நாக்கைத் தைக்கிற சடங்கு.

"இறுக்கித் தைடி. இந்தம்மா நாக்கு ரெண்டு முழம்," என்றாள் அத்தை.

மாமியாராகப் போகிற மலக்தாஜ் அம்மாளும் சேர்ந்து சிரித்தார். மாப்பிள்ளை சியாமக் எனக்கு எதிரே இருந்த கண்ணாடியில் தெரிந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை, மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ஏன் என்று அப்போது தெரியவில்லை.

பதிவாளர் ஹாஜி கல்யாண ஒப்பந்தத்தை வாசித்தார். கண்ணாடி, ஜோடி விளக்கு, இத்தனை தங்கக் காசு. எல்லாம் வந்தது. நான் கேட்டிருந்த இரண்டு வரி மட்டும் வரவில்லை. என் மேற்படிப்பைக் கணவன் தடுக்கக் கூடாது என்பது ஒன்று. எங்கே குடியிருப்பது என்பதை நான் முடிவு செய்வேன் என்பது இன்னொன்று. இதை எழுதி வாங்காவிட்டால் எங்கள் சட்டப்படி புருஷன் காட்டுகிற வீடுதான் வீடு. எனக்கு டெஹ்ரானில் முதுகலை இடம் கிடைத்திருந்தது. பாரசீக இலக்கியம். வருகிற சனிக்கிழமை வகுப்பு. அப்பா ஷிராஸில் ரொட்டி அடுப்பில் வேகிறவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த இடத்தை விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

"மணமகளே, உங்கள் சார்பில் நான் சம்மதம் சொல்லலாமா?" என்று ஹாஜி முதல் முறை கேட்டார்.

"பொண்ணு பூப்பறிக்கப் போயிருக்கா!" என்று பெண்கள் கத்தினார்கள். அதுதான் வழக்கம். முதல் இரண்டு முறை பெண் வாய் திறக்கக் கூடாது.

"அந்த ரெண்டு வரி எங்க?" என்று சியாமக்கிடம் முணுமுணுத்தேன்.

"அப்புறம் சொல்றேன்."

"இப்பச் சொல்லு."

"நான்தான் எழுத வேண்டாம்னு சொன்னேன். அம்மா வருத்தப்பட்டாங்க. என் வார்த்தை போதாதா, நஸ்தரன்?"

அவன் வார்த்தை. அதைப் பார்த்துத்தானே மயங்கினேன். கல்லூரியில் கவிதைக்குக் கவிதை சொல்லும் போட்டியில் நான் அவனைத் தோற்கடித்தேன். அன்று சாயங்காலமே ஒரு கஜல் எழுதி அனுப்பினான், அச்சு அசல் பழைய பாணியில். கடைசி அடியில் புனைபெயர் வைப்பார்களே, அதில் தன்னைத் 'தூசி' என்று போட்டிருந்தான். 'தூசியே, அவள் வாசலை விட்டால் உனக்கு ஏது ஊர்?' அதற்குப் பிறகு எத்தனையோ கஜல். எல்லாம் எனக்கு மனப்பாடம். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"இரண்டாம் முறை கேட்கிறேன்..."

"பொண்ணு பன்னீர் கொண்டுவரப் போயிருக்கா!"

எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. கல்லூரியில் நாலு வருஷம் பழைய கவிதைகளோடுதான் வாழ்ந்தேன். விட்டில் எரியும், குயில் அழும், காதலன் வாசற்படியில் தலையை வைப்பான். காதலி இமையால் கொல்வாள், திரும்பிப் பார்க்காமல் போவாள், கல்நெஞ்சக்காரி என்று பெயர் வாங்குவாள். ஆயிரம் வருஷக் கவிதையில் அவள் வாய் திறந்து நான் அதிகம் கேட்டதில்லை. எங்கே போகிறாள், என்ன வேலை இருக்கிறது, யாரும் கேட்கவில்லை. இங்கேயும் என் சார்பில் இரண்டு தடவை ஊரே பதில் சொல்லிவிட்டது.

"மூன்றாம் முறையாகக் கேட்கிறேன், மணமகளே."

"சும்மா வாய் திறக்க மாட்டா எங்க பொண்ணு!" என்று அத்தை துள்ளினாள். "பரிசு எங்க?"

அதுவும் வழக்கம்தான். மூன்றாம் முறை பெண் பேசுவதற்கு மாப்பிள்ளை வீட்டில் பரிசு தர வேண்டும். மலக்தாஜ் அம்மாள் வெல்வெட் பெட்டியைத் திறந்தார். பட்டையான தங்க வளையல். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நான் பெட்டியை மூடி அவர் பக்கமே தள்ளினேன்.

"பரிசை நானே கேக்கலாமா?"

"கேளு, கேளு!" எல்லோருக்கும் குஷி.

"படிப்புக்கு ஒரு வரி, குடியிருப்புக்கு ஒரு வரி. எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதுதான் என் பரிசு."

சர்க்கரை உரசும் சத்தம் நின்றது.

"கல்யாணத்துல கோர்ட்டு நடத்துறியா?" என்றார் மலக்தாஜ். "வளையல் கனம் பத்தலையோ?"

"கனம் ஜாஸ்திம்மா. அதான் வேண்டாங்கிறேன்."

ஹாஜி தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளைக்குச் சம்மதம்னா சேர்த்துடலாம். ரெண்டு நிமிஷ வேலை."

பேனாவைச் சியாமக் பக்கம் நகர்த்தினார். அவன் எடுத்தான். போடுவான் என்றுதான் நினைத்தேன்.

"படிப்பு எழுதறேன். குடியிருப்பு வேண்டாம். இங்கயே படியேன், ஷிராஸ்ல பல்கலைக்கழகம் இல்லையா?"

"எனக்கு இடம் கிடைச்சது டெஹ்ரான்ல."

"அப்ப எங்க கடையை யாரு பாக்கறது? அம்மா?"

"வாசல் தூசின்னு எழுதினியே. வாசல் எந்த ஊர்ல இருந்தா தூசிக்கு என்ன?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சியாமக்கின் காது சிவந்தது. குனிந்து, குழந்தைக்கு விளக்குவதுபோல மெதுவாகச் சொன்னான்: "அது கவிதை, நஸ்தரன்."

பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அம்மாவை விட்டு வர முடியாது என்று சொல்லியிருக்கலாம். அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து யோசித்திருப்பேன். அவனோ 'அது கவிதை' என்றான். அந்த வரிகளை நம்பிப் படித்த ஒரே முட்டாள் நான்தான் என்பதுபோல.

"ஹாஜி, மூணாவது தடவை கேட்டீங்க இல்லையா?"

"கேட்டேன், மகளே."

"பொண்ணு பூப்பறிக்கவும் போகல, பன்னீருக்கும் போகல. இங்கதான் இருக்கா. வேண்டாங்கிறா."

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். ஷுகூஃபே கையில் ஊசி அப்படியே நின்றது.

"அடுப்படிக்காரன் பொண்ணைப் படிக்க வச்சா இப்படித்தான்," என்றார் மலக்தாஜ். அந்த நாக்கை ஒருத்தரும் ஒழுங்காகத் தைக்கவில்லை.

அப்பா எழுந்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கூட்டமும் அப்படித்தான் நினைத்திருக்கும், விலகி வழி விட்டது. அவர் என்னைத் தாண்டித் திருமண விரிப்பின் முன்னால் குனிந்தார். விளக்குக்கும் பாதாம் தட்டுக்கும் நடுவே, குங்குமப்பூவால் 'மங்கலம்' என்று எழுதிய ஆளுயர ரொட்டி கிடந்தது. காலையில் அவரே சுட்டது. அதைப் பொறுமையாக இரண்டாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"இது என் ரொட்டி," என்றார் மலக்தாஜ் அம்மாளிடம். "பாதாம் உங்களுது. வச்சுக்கங்க."

காரில் அம்மா வழியெல்லாம் அழுதாள். அத்தை சர்க்கரைக் கூம்பை மடியில் வைத்துக்கொண்டு என்னைத் திட்டினாள்.

"வளையலையாவது வாங்கிட்டு வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்டி, கழுதை!"

எனக்குத் தலையெல்லாம் பிசுபிசுத்து அரித்தது. போன் ஒலித்தது. சியாமக். புது ஈரடி. 'தூசியை மிதித்துப் போனாள் கல்நெஞ்சக்காரி. மிதித்த பாதம் வாழ்க.' கண் கலங்கத்தான் செய்தது, பொய் சொல்லமாட்டேன். சந்தம் சரியாக இருக்கிறது என்று பதில் அனுப்பிவிட்டு போனை அணைத்தேன்.

அப்பா ஒரு கையால் ரொட்டியைப் பிய்த்துப் பின்னால் நீட்டினார். குங்குமப்பூ ஒட்டியிருந்த துண்டு. வாங்கித் தின்றேன்.

"சனிக்கிழமை வகுப்புன்னா வெள்ளிக்கிழமை பஸ் ஏறணுமில்ல?"

"ஆமாப்பா."

"அப்ப வழிக்கு ரொட்டி சுட அன்னிக்கு அடுப்பைச் சீக்கிரமே பத்த வைக்கணும்," என்று சொல்லி கியரை மாற்றினார்.